தள்ளி நின்றவர்

போன மாதம் ஷஹீனா போன் செய்தாள். மேற்குக் கொச்சியில் நான் வேலை பார்த்த மஜிஸ்திரேட் கோர்ட்டில், நான் ஓய்வு பெற்ற பிறகு பெஞ்ச் கிளார்க்காக வந்தவள் அவள்.

"மல்லிகச் சேச்சி, மிஷின் வந்நு. ஒரு திவசம் வந்து நோக்கணும்" என்றாள். ஒரு நாள் வந்து பார்க்க வேண்டுமாம்.

சாட்சி பேசப் பேச அதைக் கேட்டுத் தானாகவே எழுத்தாக்கும் மிஷின். இனிமேல் வாக்குமூலங்களை இப்படித்தான் பதிய வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. பத்திரிகைகளிலும் இதைப் பற்றிப் படித்திருந்தேன். வழக்குகள் சீக்கிரம் முடியும் என்று சிலர் எழுதுகிறார்கள். அது தப்பாக எழுதினால் யார் பொறுப்பு என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கும் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. மட்டாஞ்சேரியிலிருந்து பஸ் ஏறிப் போனேன்.

சாட்சிக் கூண்டில் ஒரு மைக், மேஜை மேல் ஒரு மைக், டைப்பிஸ்ட் முன்னால் பெரிய திரை. சாப்பாட்டு இடைவேளையில் என்னைக் கூண்டில் ஏற்றிப் பேசச் சொன்னார்கள். மலையாளத்தில் என் பெயர், வீடு, வயது சொன்னேன். நான் வாயை மூடுவதற்குள் எழுதி முடித்துவிட்டது. எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. டைப்பிஸ்டாக இருந்த காலத்தில் நான் அடித்துத் திருத்தியதையெல்லாம் நினைத்து எனக்கே வெட்கமாக வந்தது.

"இனி தமிழ் பறஞ்ஞு நோக்கு சேச்சி" என்றாள் ஷஹீனா. தமிழில் நான்கு வார்த்தை பேசினேன். மலையாளத்துக்கென்று வைத்திருந்த மிஷின் அது. நான் பேசியதிலிருந்து அதற்குத் தெரிந்த மலையாள வார்த்தைகளை எடுத்து அழகாகக் கோத்துக் கொடுத்தது. நான் சொன்னதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எல்லோரும் சிரித்தோம்.

சிரித்து ஓய்ந்ததும் ஷஹீனா கேட்டாள், தமிழ் சாட்சி வந்தால் நாங்கள் என்ன செய்வது என்று. அப்போது வள்ளியின் வழக்கைச் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லி முடிப்பதற்குள் கோர்ட் கூடும் நேரமாகிவிட்டது. "எழுதித் தாங்க சேச்சி" என்றாள். நடந்தது தமிழில் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். அவளுக்கு நானே வாசித்துச் சொல்லிக்கொள்கிறேன்.

என் அப்பா முனிசிபாலிட்டியில் தெருக் கூட்டும் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம், படிப்பு முழுக்க மலையாளம். தமிழ் எழுத்தை மட்டும் அம்மா வாரப் பத்திரிகைகளை வைத்து எழுத்துக் கூட்டச் சொல்லி வீட்டிலேயே பழக்கினாள். அரசுத் தேர்வு எழுதி டைப்பிஸ்ட் ஆனேன். பல ஊர் மாறி, கடைசியில் சொந்த ஊர்க் கோர்ட்டுக்கே பெஞ்ச் கிளார்க்காக வந்து சேர்ந்தேன். வழக்குகளைக் கூப்பிடுவதும், கோப்புகளை எடுத்து வைப்பதும், சாட்சிக்குச் சத்தியம் சொல்லிக் கொடுப்பதும் என் வேலை. தமிழ் சாட்சி யாராவது வந்தால் அந்த வேலையை வேறொருவர் பார்ப்பார். நான் மொழிபெயர்ப்பாளர் ஆவேன். அதற்கு எனக்கும் தனியாக ஒரு சத்தியம் உண்டு. கேள்வியையும் பதிலையும் உள்ளது உள்ளபடி சொல்வேன் என்று.

அந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மஜிஸ்திரேட் தாமஸ் சார். மெல்லிய குரல். சாட்சி ஏறியதும் முதலில் குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொல்வார். ஒருமுறை "சாட்சிக்கு வெள்ளம் வேணமோ?" என்று நேராகக் கேட்க, கம்பத்திலிருந்து வந்திருந்த பழ வியாபாரி ஒருவர் அரண்டுபோய், "எங்க ஊர்ல வெள்ளம் ஒண்ணும் இல்லீங்களே" என்றார். அன்றிலிருந்து சார் 'தண்ணி' என்ற வார்த்தையைக் கற்றுக்கொண்டார். யாராவது சாட்சி அழுதால் அவரை நிமிர்ந்து பார்க்க மாட்டார். கோப்பில் எதையோ தேடுகிறவர் மாதிரி பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருப்பார். அழுகை நின்றதும் தேடியது கிடைத்துவிடும்.

சாருக்கு இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, சாட்சி 'நான்' என்றால் நானும் 'ஞான்' என்றுதான் சொல்ல வேண்டும். 'அவர் இப்படிச் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது. இன்னொன்று பேனா. கேள்வி கேட்கப்பட்டதும் பேனாவைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடிப்பார். கேள்வி என் வழியாகச் சாட்சிக்குப் போய், பதில் என் வழியாகத் திரும்பி வரும் வரைக்கும் பேனா இறங்காது. அது இறங்காமல் டைப்பிஸ்ட் ஒரு எழுத்தும் அடிக்கக் கூடாது. புதிதாக வரும் வக்கீல்கள் இதைக் கண்டு பொறுமை இழப்பார்கள். சார் பேனாவைப் பிடித்தபடியே அவர்களைப் பார்த்துச் சிரிப்பார்.

இனி வழக்குக்கு வருகிறேன். கொரோனாவுக்கு முந்தைய காலம். சுள்ளிக்கல்லில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. ராஜபாளையம் பக்கத்திலிருந்து வந்த மாரியப்பனும் சேகரும் கொத்தனார்கள். சின்ன வயதிலிருந்தே கூட்டாளிகள். மாரியப்பனின் மனைவி வள்ளி அதே இடத்தில் சித்தாள். கொச்சங்காடியில் பழைய கிடங்கு ஒன்றின் பின்னால் அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்தார்கள். அடுப்பு ஒன்றுதான், வள்ளியின் அடுப்பு.

ஒரு நாள் சாரத்துப் பலகையிலிருந்து மாரியப்பன் கீழே விழுந்தார். உயிர் பிழைத்தது. ஆனால் தலையில் பலமான அடி. பேச்சு திக்கிற்று, ஒரு கால் இழுத்துக்கொண்டது. விழுந்த நாளும் அதற்கு முந்தைய நாட்களும் அவர் நினைவில் இல்லை. முந்தின நாள் கோவில் கொடைக்கு ஊருக்குப் போவதா வேண்டாமா என்று கூட்டாளிகள் இருவரும் சத்தம் போட்டுச் சண்டை போட்டதைப் பலர் கேட்டிருந்தார்கள். போலீஸ் வள்ளியிடம் வாக்குமூலம் வாங்கியது. மறுநாள் சேகரைப் பிடித்தது. வேண்டுமென்றே தள்ளிவிட்டுக் கொடுங்காயம் ஏற்படுத்தினார் என்று வழக்கு. சேகர் சில மாதங்கள் சிறையில் இருந்து ஜாமீனில் வந்தார்.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது முதல் சாட்சி வள்ளி. கெட்டியான உடம்பு, சிமென்ட் தின்ற கைகள். புருஷனை நடத்திக் கூட்டிக்கொண்டு வந்து பின் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுக் கூண்டில் ஏறினாள். குற்றவாளிக் கூண்டில் சேகர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அரசுத் தரப்பு வக்கீல் கீதா மேடம். நல்ல மனுஷி. தலைக்கு மேல் வேலை, கையில் எப்போதும் கோப்புக் கட்டு. சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். கோர்ட்டில் மற்றவர்கள் பேசியதெல்லாம் மலையாளம்தான். நான் தமிழாக்கி எழுதுகிறேன். இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டபடியே எழுத வேண்டும்.

"சேகரன் தள்ளியோ?"

மலையாளத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். சேகர் பிடித்துத் தள்ளினாரா? கேள்வியை நான் தமிழில் சொல்ல வாய் திறப்பதற்குள் வள்ளி தானாகவே பதில் சொல்லிவிட்டாள். கொச்சியில் வேலை பார்த்துப் பழகிய காது அல்லவா, அவளுக்குப் புரிந்த மாதிரி இருந்திருக்கிறது.

"ஆமாங்க, தள்ளித்தான்."

சேகர் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். டைப்பிஸ்டின் விரல்கள் எழுந்தன. சேகருக்காக வாதாடச் சட்ட உதவியில் வந்த சின்னப் பையன் வக்கீல் கையிலிருந்த காகிதத்தை மடித்து வைத்தார்.

தாமஸ் சாரின் பேனா மட்டும் இறங்கவில்லை.

"நில்லுங்க. கேள்வி இன்னும் சாட்சிகிட்டப் போய்ச் சேரலையே. மல்லிக கேட்கட்டும்" என்றார்.

நான் வள்ளியைப் பார்த்துத் திரும்பினேன். "உன் வீட்டுக்காரரைச் சேகர் கீழே தள்ளிவிட்டாரான்னு கேக்குறாங்க."

அவள் முகம் மாறியது.

"என்னக்கா சொல்றீங்க? அண்ணே எதுக்கு அவுகளத் தள்ளிவிடுது? அது தள்ளியில்ல நின்னுச்சு! அந்தக் கடைசில."

எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அவள் சொன்ன 'தள்ளி' தூரத்தைச் சொல்லும் தள்ளி. ஆனால் விளக்கம் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. அவள் சொன்னதை மட்டும் மலையாளத்தில் சொன்னேன். சேகரண்ணன் எதற்கு அவரைத் தள்ளிவிட வேண்டும், அவர் விலகித் தூரத்தில் அல்லவா நின்றார் என்று.

கீதா மேடம் எழுந்தார். "ஆட்சேபம் இருக்கு சார். 'தள்ளி'ன்னு சாட்சி தன் வாயால சொன்னதை எல்லாரும் கேட்டோம். மொழிபெயர்ப்பில் அது வேற ஒண்ணா மாறுது." சற்று நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மல்லிகையை நான் சந்தேகப்படலை. ஆனா ரெண்டு பேரும் ஒரே பாஷைக்காரங்க. இதை நான் சொல்லித்தான் ஆகணும்."

அவர் கடமையைத்தான் செய்தார். ஆனாலும் எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. அத்தனை வருஷ வேலையில் அப்படி ஒரு வார்த்தையை யாரும் சொன்னதில்லை. தமிழில் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு என்று சொல்ல நாக்குத் துடித்தது. சார் கேட்காமல் சொல்லக் கூடாது. நின்றேன்.

தாமஸ் சார் என்னிடம் அர்த்தம் கேட்கவில்லை. "மல்லிக, வார்த்தையை விட்டுடலாம். அன்னிக்கு யார் யார் எங்கே நின்னாங்கன்னு நடந்து காட்டச் சொல்லு" என்றார்.

சொன்னேன். வள்ளி கூண்டிலிருந்து இறங்கினாள். கோர்ட்டின் நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தாள். வக்கீல்கள் உட்காரும் நீள மேஜையைக் காட்டி, "இதான் சாரத்துப் பலகைன்னு வெச்சுக்கங்க" என்றாள். பிறகு என் தோள் இரண்டையும் பிடித்து மேஜையின் ஒரு முனையில் நிறுத்தினாள். "இங்க இவுக." மாரியப்பனாக நான் நின்றேன்.

அங்கிருந்து நடந்தாள். மேஜையைத் தாண்டி, டைப்பிஸ்டைத் தாண்டி, மேற்குப் பக்க ஜன்னல் வரைக்கும் போனாள். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, பூசுவது மாதிரி கையை வீசிக் காட்டினாள்.

"இங்க அண்ணே. தள்ளி. மூஞ்சி செவத்தப் பாத்து இருந்துச்சு. நான் கீழ இருந்து கலவச் சட்டியத் தூக்கிக் குடுத்தேன். இவுக வாங்கக் குனிஞ்சாக. காலு வழுக்குச்சு. சத்தம் கேட்டுத்தான் அண்ணே திரும்புச்சு. 'மாரீ'ன்னு கத்துச்சு."

திரும்பி வந்து, நான் நின்ற இடத்துக்கு முன்னால் வெறும் காற்றில் கையை ஓட்டினாள். "பிடிச்சுக்கிட ஒரு கட்டை இல்லக்கா இந்த எடத்துல. ஒரு கயிறுகூட இல்ல."

ஒவ்வொரு வாக்கியத்தையும் 'ஞான்' என்று நான் சொன்னேன். என் கணவர் குனிந்தார். அவர் கால் வழுக்கியது. பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றுமில்லை. பேனா அப்போதுதான் இறங்கியது. சாட்சி மேஜை முனையிலிருந்து மேற்கு ஜன்னல் வரை நடந்து காட்டினார் என்று சார் சொல்ல, டைப்பிஸ்ட் அடித்தார். பலகைக்குத் தடுப்பு இல்லை என்பதையும் அடிக்கச் சொன்னார்.

கீதா மேடம் விடவில்லை. விடவும் கூடாது. போலீஸ் எழுதிய பழைய வாக்குமூலத்தைச் சாட்சிக்கு வாசித்துக் காட்ட அனுமதி கேட்டார். சேகரன் என் கணவரைத் தள்ளினார் என்று அதில் மலையாளத்தில் இருந்தது. நான் அதைத் தமிழில் சொல்லி, "இப்படிச் சொன்னியா?" என்று கேட்டேன்.

"இல்லவே இல்லக்கா. அண்ணே தள்ளி நின்னுச்சுன்னு சொன்னேன். எழுதுன சாரு, 'தள்ளியோ? தள்ளியோ?'ன்னு ரெண்டு மூணு தடவ கேட்டாரு. ஆமாங்க தள்ளித்தான்னு..."

பாதியில் நின்றுவிட்டாள். அவள் சேகரைப் பார்த்தாள், பிறகு என்னை.

"அக்கா, இதுக்குத்தானா அண்ணனப் பிடிச்சாங்க? நான் சொன்னதுக்கா?"

அதுவரைக்கும் அவளுக்கு அது தெரியாது. கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் அவளிடம், போலீஸ் வேறு எதையோ கண்டுபிடித்திருக்கிறது, ஸ்டேஷன் பக்கம் போனால் உன்னையும் சேர்த்துவிடுவார்கள் என்று சொல்லி வைத்திருந்தார். நம் கண்ணில் படாதது ஏதோ நடந்திருக்கிறது போல என்று அவள் வாயடைத்து இருந்தாள். அதே சூப்பர்வைசர் சேகரிடம், மாரியப்பன் சம்சாரமே உன் மேல் சொல்லிவிட்டாள் என்றிருக்கிறார். பலகைக்குத் தடுப்பு கட்டாதது பற்றி யாரும் கேட்காமல் இருக்க இந்தக் கதை கான்ட்ராக்டருக்கு வசதியாக இருந்தது.

வள்ளி கேட்டது வக்கீலின் எந்தக் கேள்விக்குமான பதில் அல்ல. என்னைக் கேட்டது. சொல்வதா வேண்டாமா என்று சாரைப் பார்த்தேன். "என்ன சொல்றாங்க?" என்றார்.

"ஞான் பறஞ்ஞதினாணோ சேட்டனெப் பிடிச்சது?" என்றேன். முடிக்கும்போது என் குரல் உடைந்துவிட்டது. வேலையில் எனக்கு அப்படி ஆனது அந்த ஒரு முறைதான்.

தாமஸ் சார் கோப்பில் எதையோ தேட ஆரம்பித்தார். நெடுநேரம் தேடினார். பிறகு கொஞ்சம் இடைவேளை என்று எழுந்து உள்ளே போனார்.

திரும்பக் கூடியபோது கீதா மேடம், "மேற்கொண்டு கேள்வி இல்லை" என்று உட்கார்ந்துவிட்டார். சாட்சியத்தை அச்செடுத்ததும் வழக்கம்போல நான் அதை வள்ளிக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அந்தச் சொல்லைச் சார் இரண்டு விதமாகவும் எழுத வைத்திருந்தார். சாட்சி சொன்ன தமிழ் வார்த்தை அப்படியே மலையாள எழுத்தில், அதன் பக்கத்தில் அவள் நடந்து காட்டிய தூரம். "இப்ப சரியா இருக்கா?" என்று கேட்டேன். "இப்ப சரியா இருக்குக்கா" என்று சொல்லி ஒவ்வொரு பக்கத்திலும் தன் பெயரைத் தமிழில் நிதானமாக எழுதினாள்.

அன்று சாயங்காலம் கீதா மேடம் என் மேஜைக்கு ஒரு கிளாஸ் சாயா கொண்டுவந்து வைத்தார். "எனக்கு அதைக் கேட்காம இருக்க முடியாது மல்லிகே."

"தெரியும் மேடம். கேட்டதுனாலதான் அவளும் நடந்து காட்டினா."

பக்கத்தில் உட்கார்ந்து அவரும் ஒரு சாயா குடித்துவிட்டுத்தான் போனார்.

பிறகு, வாக்குமூலம் எழுதிய அந்தப் போலீஸ்காரரும் சாட்சி சொன்னார். மொழிபெயர்க்க ஆள் யாரும் வைத்துக்கொள்ளவில்லை, தனக்குக் கேட்டதை எழுதினேன் என்றார். மறைக்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. தள்ளி என்றுதான் அவள் சொன்னாள், தள்ளி என்றுதான் அவர் கேட்டார்.

ஷஹீனா, நீ கேட்டதற்கு எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். உங்கள் மிஷின் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். போலீஸில் எடுக்கும் வாக்குமூலத்தைப் பதிவு செய்து வைக்கலாம் என்று சட்டத்திலேயே இடமிருக்கிறது. வள்ளியின் குரல் அன்று பதிவாகியிருந்தால், அதை ஒரு தமிழர் கேட்டிருந்தால், சேகர் சிறைக்கே போயிருக்க மாட்டார். ஆனால் 'ஆமாங்க, தள்ளித்தான்' என்று வள்ளி சொன்ன உடனே உங்கள் மிஷின் அதைப் பிழையில்லாமல் எழுதியிருக்கும். எங்கள் சாரின் பேனா இறங்காமல் இருந்ததால்தான் அவளிடம் மறுபடி கேட்க முடிந்தது. இப்போது நீ பார்ப்பது தமிழ் மட்டும் இல்லை. வங்காளிகள் வருகிறார்கள், ஒடியாக்காரர்கள் வருகிறார்கள். சாட்சியின் பாஷையில் பேசும் ஆள் ஒருவர் பக்கத்தில் வந்து நிற்கும் வரைக்கும் மைக்கை அணைத்து வை. சாட்சி பேசிய பாஷையிலேயே முதலில் எழுதச் சொல். முடிந்ததும் வாசித்துக் காட்டு. மஜிஸ்திரேட் அவசரப்படுத்தினாலும் மரியாதையாக ஞாபகப்படுத்து. அது உன் வேலைதான்.

தீர்ப்புச் சொன்ன நாள் நல்ல மழை. மாரியப்பனும் வள்ளியும் வந்து வெளி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். தீர்ப்பைச் சேகருக்குச் சொல்ல நான் குற்றவாளிக் கூண்டின் பக்கத்தில் நின்றேன்.

"உங்க மேல குற்றம் எதுவும் நிரூபணம் ஆகலை. உங்களை விடுதலை பண்ணியாச்சு" என்றேன்.

அவர் கூண்டுக் கம்பியை விட்டுக் கையை எடுக்கவில்லை. சார் அடுத்த கோப்பை எடுத்துவிட்டார். சேகர் என் பக்கம் குனிந்து கேட்டார்:

"அக்கா, இனிமே நான் அவுககிட்டப் பேசலாமா?"

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம்தான் ஜாமீன் உத்தரவு ஞாபகத்துக்கு வந்தது. சாட்சிகளைப் பார்க்கவோ பேசவோ கூடாது என்று அதில் ஒரு நிபந்தனை இருக்கும், எல்லோருக்கும் எழுதுவதுதான். இந்த மனிதர் அதற்குப் பயந்து அறையைக் காலி செய்து ஏலூரில் போய் வேலை பார்த்திருக்கிறார். வள்ளி கோர்ட்டில் உண்மையைச் சொன்ன பிறகும், வாய்தாவுக்கு வரும்போதெல்லாம் அவர்களைக் கண்டால் வேறு வாசல் வழியாகப் போயிருக்கிறார்.

சார் நிமிர்ந்தார். "என்ன கேட்கிறார்?"

நான் மலையாளத்தில் சொன்னேன். தாமஸ் சார் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். சேகரை நேராகப் பார்த்து, தமிழிலேயே சொன்னார்.

"பேசலாம்."

சேகர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே போனார். அடுத்த வழக்கைக் கூப்பிட வேண்டும். கூப்பிடுவதற்கு எப்படியும் வாசல் வரை போக வேண்டுமே என்று நானும் பின்னாலேயே போனேன்.

வள்ளி எழுந்து நின்றாள். சேகர் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டார். பெஞ்சில் இருந்த மாரியப்பனும் அவரைப் பார்த்துவிட்டார். சண்டையும் தெரியாது, விழுந்ததும் தெரியாது, வழக்கு யார் மேல் என்பதை எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு நினைவில் நிற்காது என்று வள்ளி என்னிடம் சொல்லியிருந்தாள்.

"எங்கடா... போயிருந்த?" என்று திக்கித் திக்கிக் கேட்டார்.

"ஏலூர்லடா. வேலை."

"சொல்லிட்டுப் போக... மாட்டியா?"

"தப்புத்தான்டா."

வள்ளி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். மாரியப்பன் அதையெல்லாம் கவனிக்கவில்லை. முன்னால் கோர்ட்டுப் படிகள் மழையில் நனைந்து கிடந்தன. அவர் கையை நீட்டினார்.

"புடி. வழுக்கும்."

சேகர் வந்து பிடித்துக்கொண்டார்.